உவருக்கு மேலே

அராலித் தண்ணீர் மோட்டர்கள்
அத்தனையின் தொண்டையும் எனக்குத் தெரியும்.
இருமலைக் கேட்டே சொல்வேன்,
வாசர் தேய்ந்ததா, காற்று இழுக்கிறதா,
இல்லை, ஆள் அவசரக்காரனா என்று.

அவசரக்காரர்தான் அதிகம்.
"நேற்றுவரைக்கும் நல்ல தண்ணி,
இண்டைக்குத் தேத்தண்ணி கரிக்குது."
எத்தனை மணித்தியாலம் ஓட்டினியள் என்பேன்.
முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இங்கே கல்லுக்கு அடியில் கடல் இருக்கிறது.
மழை விட்டுப்போன நன்னீர்
அதன் முதுகில் மெல்லிசாகப் படுத்திருக்கிறது.
கொஞ்சம் அள்ளு, நிற்பாட்டு, ஊறவிடு.
இருபத்திரண்டு வருசமாய்
ஊருக்கு நான் வைக்கும் ஒரே பிரசங்கம்.

யூனிசின் மார்பில் எடுத்த சிறு துண்டு
வைகாசி ஏழாம் தேதி
தெல்லிப்பழையிலிருந்து கொழும்புக்குப் போனது.
"ரெண்டு கிழமை" என்றாள் தாதி.
பிறகு, "அங்கை மிசின் பழுதாம்."
மிசின் என்றால் நான் போய்ப் பார்க்கட்டோ
என்று வாயெடுத்தேன்.
யூனிஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அதற்குப் பிறகு நான் செய்தது
ஜெபமா என்று தெரியவில்லை.
விடியப்புறம் இரண்டு மணிக்கு, மூன்றுக்கு,
வால்வு கழற்றுகையில்,
திருவிருந்து வரிசையில் நிற்கையில்,
ஆண்டவரே ஆண்டவரே ஆண்டவரே,
சுவிச்சை நிற்பாட்டவே இல்லை.
போதகர் ஜெயசிங்கம் வீட்டுக்கு வந்து
சீமெந்துத் தரையில் முழங்காலிட்டார்.
ஆமென் சொன்ன என் நாக்கில்
உப்புத்தான் இருந்தது.
கெசியாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கையில்
ஏழையும் எட்டையும் கூட்டப் பயந்தேன்.
எந்தக் கேள்விக்கும்
விடை என்று ஒன்று வந்துவிடுகிறதே.

நேற்றிரவு கரண்ட் போனது.
காற்றாடி நின்றது. நுளம்பு.
கட்டில் விளிம்பில் இருந்தேன்.
இருட்டுக்குள்ளிருந்து யூனிஸ்:
"அவர் படகிலை தலகணியும் வைச்செல்லே படுத்தவர்.
நீங்கள் ஏன் குந்திக்கொண்டிருக்கிறியள்,
தண்ணி அள்ளி ஊத்தவோ?"
"உனக்குப் பயமில்லையோ?"
"இருக்கு. அதுக்கு?"
கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு
நித்திரைக்குள் இறங்கிவிட்டது.

வெளியே போனேன்.
கிணற்றுக் கட்டில் சாய்ந்து நின்றேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்க மிச்சமில்லை என்பதும் உண்மை.
வழுக்கையாற்று வெளிப்பக்கம்
ஒரு ஆட்காட்டி கத்தி ஓய்ந்தது.
எவ்வளவு நேரமோ.
யாரோ என்னை நிற்பாட்டியிருந்தார்,
அவ்வளவுதான் சொல்லத் தெரியும்.
குரல் இல்லை, வெளிச்சம் இல்லை,
சுகமாகும் என்றொரு வாக்கும் இல்லை.
பயம் எங்கும் போய்விடவில்லை;
அடியில் அப்படியே, கடலளவு, கிடந்தது.
அதன் மேல்
நான் இறைக்காமலே
ஏதோ ஒன்று வந்து படுத்தது.

கப்பி கிறீச்சிட வாளியை விட்டேன்.
அரை வாளிதான் வந்தது. கையில் ஏந்திக் குடித்தேன்.
கொஞ்சம் கரித்தது, பொய் சொல்வானேன்.
ஆனால் குடிக்கலாம்.

காலை எட்டுக்குப் போன்.
றிப்போட் வந்திட்டுதாம், ஒன்பதரைக்கு வரட்டாம்.
யூனிஸ் பச்சைச் சேலை கட்ட
கொய்யகத்தை நான் குனிந்து பிடித்தேன்.
ஏழும் எட்டும் பதினைந்து என்று
யாரும் கேட்காமலே அறிவித்துவிட்டு
கெசியா பள்ளிக்கூடம் போனாள்.

சங்கானைச் சந்தியில்
ஒருவர் கைகாட்டி மோட்டர் சைக்கிளை மறித்தார்.
அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டர் கரகரக்கிறதாம்,
எப்போது வருவாய் என்றார்.
பின்னாலிருந்தவளின் கை என் வயிற்றில் இருந்தது.
நடுங்கியது கையா வயிறா தெரியாது.

"பின்னேரம் வாறன்" என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது,
பின்னேரம் என்று ஒன்று இருக்கிறதென்று
நம்பியிருக்கிறேன்.

"அதுமட்டும் ஓட்டாதேங்கோ,
ஊறட்டும்."