ஐம்பத்தைந்து

"அறுக்காமல் முடியாது" என்றான் தௌனோ,
கையுறையைப் பல்லால் கழற்றியபடி.

சங்கிலிக்குக் கண்ணி உண்டு.
ஒன்றைக் கழற்றிச் சட்டத்துக்குள் நுழைத்து
மறுபடி மாட்டிவிடலாம்.
இதற்கு அப்படியில்லை.
மேசைமேல் கிடந்த கறுப்புப் பட்டையை
விரலால் மூன்று முறை சுற்றிவந்தேன்.
தொடங்கிய இடம் தெரியவில்லை.

பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது என் தொழில்.
ஔலுவில் குளிர்காலம் ஆறு மாதம்.
பேருந்து போகாத தெருக்களிலும் பியானோ இருக்கிறது.
வழுக்காமலிருக்கப் பாதையில் தூவிய சரளைப்பொடி
சங்கிலியில் ஏறி, எண்ணெயில் குழைந்து
மையாகிவிடும்.
நல்ல நாளிலேயே ஒரு முறை கழன்றுகொள்ளும்.
எத்தனை கழுவினாலும்
நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

போன தை மாதம் லௌஹா வீட்டில்
மந்திர ஸ்தாயியின் வெள்ளைக் கட்டை ஒன்றில்
என் கட்டைவிரல் பதிந்துவிட்டது,
ரேகை ரேகையாக.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
காபி கொடுத்தாள்.
அடுத்த முறை வேறு ஆளை அழைத்துக்கொண்டாள்.

வண்டி, போலீஸ் ஏலத்தில் நாற்பது யூரோவுக்கு எடுத்தது.
யாரோ தொலைத்த பச்சை நிறம்.
"நல்லவேளை எஃகு" என்றான் தௌனோ.
நகராட்சியின் பனிவாரிகளுக்கு
அலகு பற்றவைக்கிறவன்.
பின்சக்கரத்திலிருந்து இருக்கைக்கு ஏறும்
வலப்பக்கக் குழாயில்
சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டான்.

ஆயிரம் தந்திகளை வெட்டியிருக்கிறேன்,
கண் சிமிட்டாமல்.
அன்று கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.
ரம்பத்தின் சுருதி ஏறி ஏறிப் போய்
சட்டென்று நின்றது.

உள்ளே வந்தபோது குழாயில் ஒரு விரற்கிடை வெளி.
அந்த வழியாகத்தான் போயிற்று பட்டை.
ஊசிக் காதில் நூல் போல அல்ல,
நிலைக்கதவைப் பெயர்த்து
கட்டிலைக் கொண்டுபோவது போல.

ஒரே நாளில் முடிந்ததென்று நினைக்க வேண்டாம்.
முதலில் வாங்கியது இரண்டு பல் குறைச்சல்.
அடுத்தது வந்து சேர மூன்று வாரம்.
முன்பல்சக்கரம் சட்டத்தில் உரச
சுத்தியலால் அங்கே ஒரு குழி போட்டான்.
அறுத்த முனைகளில் இரண்டு காது ஒட்டவைத்து
இரண்டு திருகாணியால் பூட்டினான்.
எல்லாம் முடித்துக் கை துடைக்கும்போது சொன்னான்:
"சங்கிலிக்கு ஒரு முழு உறை போட்டிருக்கலாம்.
பதினெட்டு யூரோதான்."

கடைசியாக இழுவிசை.
பட்டையை மீட்டினால் அதிர்வெண் காட்டும் செயலி
அவன் போனில் இருந்தது.
அது கணப்பின் இரைச்சலைக் கேட்டுவிட்டு
நூற்றிரண்டு என்றது.
"அதைப் பையில் வை" என்றேன்.
குனிந்தேன்.
அதே கட்டைவிரலால் ஒரு மீட்டு.
கொஞ்சம் இறங்கியிருந்தது.
அச்சில் இரண்டு பக்கமும் கால் திருப்பு.
இன்னொரு மீட்டு.
என் சுருதிக்கவையின் நானூற்று நாற்பதுக்கு
மூன்று ஸ்தாயி கீழே
ஐம்பத்தைந்து.
கணப்பை அணைத்துவிட்டு அவனும் பார்த்தான்.
ஐம்பத்து நான்கு புள்ளி எட்டு.
"யார் தப்பு?"
"குளிர்" என்றேன்.

ஆற்றங்கரைப் பாதை, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்று.
ஒரு முயல் என்னைக் கேட்கவேயில்லை,
சக்கரம் வாலருகே வரும்வரை.
நாயோடு நடந்தவர் துள்ளி விழுந்து
மணி எதற்கு இருக்கிறது என்று வைதார்.
என் இடது முழங்கால் பேசும் என்பதே
அன்றுதான் தெரியும்.

அழைக்காமலே லௌஹா வீட்டுக்குப் போனேன்.
கைகளை முதலில் காட்டினேன்,
பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல.
துணியை நனைத்துக் கட்டையருகே போனபோது
"வேண்டாம், விடு" என்றாள்.
"பையன் அங்கிருந்துதான் தொடங்குகிறான்."

பழைய சங்கிலியால் தௌனோ
தன் படகைக் கட்டிப் போட்டிருக்கிறான்.
திரும்பும் வழியில் சத்தமே இல்லை,
வலது காலை அழுத்தும்போது மட்டும்
ஒட்டுப் போட்ட இடத்திலிருந்து ஒரு டிக்.
திருகாணியை முறுக்கினால் போய்விடுமாம்.
சாவி பையில்தான் இருக்கிறது.
மிதிக்கிறேன்,
அதன் பேச்சை
அறுக்காமல்.