வலையில் ஓர் ஓட்டை

சேரம்பாடியில் குடும்ப விழா.
மேல் லைன் பையன்கள் அர்ஜென்டினா கொடி கட்டிவிட்டார்கள்.
கீழ் லைன் சும்மா இருக்குமா,
விடிவதற்குள் பிரேசில்.
மழைக்கு முன்னாலேயே இரண்டு நாட்டுக்கும் சண்டை,
மைக் செட்டுக்காரர்தான் நடுவர்.

பழைய ஆட்டக்காரர்களுக்கு மரியாதை செய்யணும் என்று
கமிட்டியில் நான்தான் சொன்னேன்,
நான்தான் மாட்டிக்கொண்டேன்.
படம் தேடி வீடுவீடாய் ஏறி இறங்கினேன்.
பதுளையிலிருந்து வந்த தகரப்பெட்டிகளின் அடியில்
பாஸ்போர்ட் இருக்கிறது,
குடும்ப அட்டை இருக்கிறது,
மண்டபம் கேம்ப்பில் கொடுத்த சீட்டும் இருக்கிறது.
பந்தோடு நிற்கிற ஒரு முகம் இல்லை.

சந்தியாகுவுக்கு மட்டும் ஒரே ஒரு படம்.
எண்பத்தொன்பதில் பத்தேரி செவன்ஸ் ஃபைனல்,
மலையாளப் பேப்பரில் வந்தது.
சேற்றில் குப்புற விழுந்து கிடக்கிறார்.
பின்னால் வலை உப்பியிருக்கிறது.
ஓரத்தில் தெரியும் ஒற்றைக் கால் என்னுடையது,
பேக் ஆடினவனின் கால்,
அரை அடி தாமதமாக வந்த கால்.
அன்றைக்கு அவர் பிடித்த பதினோரு பந்துகளை
எவன் படம் எடுத்தான்?

இதையா மாட்டுவது என்றேன்.
மாட்டுப்பா, முதுகு நல்லா விழுந்திருக்கு என்றார்.

படத்துக்கு அடியில் பேர் எழுத வந்த கிருபாகரன்
தென்னமெரிக்க ஆட்டம் பார்த்துப் பார்த்தே
பிளஸ் டூவில் கணக்கை விட்டவன்.
பிரஷ்ஷை நிறுத்திக் கேட்டான்:
மாமா, சந்தியாகுன்னா சான்டியாகோதானே?
அங்கே ஒரு நாட்டுக்குத் தலைநகரமே இந்தப் பேருதான்.

ஞானஸ்நானத் தொட்டியில் நனைந்து வந்த பேர்,
முப்பது வருஷம் மைதானத்தில் நாங்கள்
‘சந்தீ, மேலே, மேலே’ என்று கத்திய பேர்,
இத்தனை தூரம் போயிருக்கிறதா.
அவரைக் கேட்டால்,
அங்கே ரேஷன் கடை உண்டா என்கிறார்.

கிருபாகரன் அர்ஜென்டினாவை அவிழ்த்தான்.
கீழ் லைன்காரன் முறைத்தான், பிறகு
அவனும் பிரேசிலைக் கழற்றிக் கொண்டுவந்தான்.
இரண்டையும் சேர்த்துத் தைத்து நடுவில் எழுதினார்கள்,
‘கு’வுக்கு இடம் போதாமல்
கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது.

மேடையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டாயிற்று.
ஆள் பந்தலுக்குப் பின்னால் கறி அண்டாவோடு.
கையில் மஞ்சள், கண்ணில் புகை.
சால்வையை வாங்கிக்கொண்டு
மைக்கில் சொன்னது ஒரே வாக்கியம்:
“அடிப்பிடிச்சிரும், நான் போறேன்.”

சாயந்தரம், பத்து ரூபாய்க்கு ஒரு பெனால்டி.
சால்வையைக் கம்பத்தில் போட்டுவிட்டு
அறுபத்தொரு வயசில் நடுவே நின்றார்.
விட்டுக்கொடுப்பார் என்றுதான் தாய்மார் நினைத்தார்கள்.
நாலு வயசுக் குழந்தை தட்டிவிட்ட பந்தைக்கூட
விழுந்து பிடித்தார்.
குழந்தை அழுதது,
இன்னொரு பத்து ரூபாய் கேட்டு அழுதது.
வார்டு மெம்பர் உதைத்தார், பிடித்தார்.
நான் உதைத்ததைச் சொல்ல வேண்டாம்.

வெளிச்சம் போகிற நேரம்
கைக்காசுக் கொழுந்தை நிறுத்துவிட்டு
நேரே வந்தாள் யோகமலர்.
கம்பூட்ஸைக் கழற்றவில்லை,
இடுப்புப் படங்கை அவிழ்க்கவில்லை.
இடது மூலை, தரையோடு.
பந்து வலையில் நிற்காமல் ஓட்டை வழியே போய்
தேயிலைச் சரிவில் உருண்டு
ஓடையில் விழுந்த சத்தம்தான் கேட்டது.

வெளியே வெளியே என்று ஒரு கூட்டம்.
கோல்தான் என்றார் சந்தியாகு,
தரையிலிருந்து எழாமலே.
கிருபாகரன் போனில் எடுத்த படத்தில்
மறுபடியும் விழுந்துதான் கிடக்கிறார்.

பிறகு எழுந்தார்.
கம்பத்திலிருந்த சால்வையை எடுத்து,
முறுக்கி,
வலையின் ஓட்டையில் வைத்துக் கட்டினார்.
சரிகை கொஞ்சம் வெளியே தெரிந்தது.

அடுத்து யாரு, என்றார்.