முப்பத்தெட்டுப் புள்ளி ஆறு

எட்டில் நடுக்கோடு செத்தால் பூஜ்யம்.
வலது மேல்கோடு செத்தால் ஆறு.
ஏழின் தொப்பி கழன்றால் ஒன்று.
ஆறு மாதமாக என் வாஜா
இப்படித்தான் கணக்குச் சொன்னது.

காலையில் தெரிகிற எண்கள்
பதினொரு மணி வெயிலுக்குக் கரைந்துவிடும்.
டேஷ்போர்டின் தலையில் ஒரு குட்டு வைத்தால்
அரைக் கிலோமீட்டருக்குத் திரும்பி வரும்.
பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஏறிய ஒருவர்
சீட் பெல்ட் போடுமுன்னே குட்டினார்,
அவர் வீட்டிலும் வாஜாவாம்.
பெட்ரோல் முள் மட்டும் எப்போதும் பாதியில்,
யாரையும் பகைத்துக்கொள்ளாத ஆள் மாதிரி.
நான் ரசீதுகளை நம்பி ஓட்டினேன்.

ஜெலுத்தோங்கில் பூன் தெய்க் கடை.
புதுசு ஆயிரத்து நூற்றைம்பது வெள்ளி,
மூன்று வாரம், வந்தால்.
என்னுடையதையே பிரித்துப் பற்றவைத்தால் நூற்றிருபது,
அடுத்த மழைவரை தாங்கும்.
எந்த மழை என்று கேட்கக் கூடாது.
பாதியாய் வெட்டி வந்த காடியில் கழற்றியது நூற்றெண்பது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.
என்னுடையதன் முகத்தில்
நான் துடைத்துத் துடைத்தே போட்ட கீறல்,
உள்ளே தேநீர்க் கறையாய்ப் பழுத்த பட்டை ஒயர்.
அதன் மூலையில்
இன்னும் உரிக்காத பிளாஸ்டிக் தாள்.

ஒயரைக் கொடுத்தான்.
எண்ணெய், பேட்டரி, கைப்பிரேக், திறந்த கதவு,
எல்லாம் ஒருமுறை சிவந்து அணைந்தன.
பிறகு 61240.
அதற்குக் கீழே சின்னதாய் 38.6.

"அது?"
"டிரிப். கடைசியாய் யாரோ அழுத்தியதிலிருந்து ஓடினது."
விரலைக் குமிழுக்குக் கொண்டுபோனான்.
விடு என்றேன்.

பெட்ரோல் போட்டதும் பூஜ்யம் வைக்கிற பழக்கம்
எனக்கும் உண்டு.
புது வேலை எவ்வளவு தூரமென்று
அளந்து பார்த்திருக்கலாம் யாராவது.
"எந்த ஊர்க் காடி?"
"லோரியில் வந்தது. லோரி சொல்லாது."

எண் எவ்வளவு வைக்கட்டும் என்று கேட்டான்.
எண்பதாயிரம் என்றால்
விற்கும்போது நல்ல விலையாம்.
"ஓடினது எவ்வளவோ அவ்வளவு."
"எவ்வளவு?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
கண்ணாடியில் ஒட்டிய எண்ணெய்ச் சீட்டில் 231500.
அதற்கப்புறம் கூலிம், ஆல்மா, ராத்திரி விமானங்கள்,
ரசீதின் முதுகில் கூட்டிக் கூட்டி
இரண்டு லட்சத்து நாற்பத்தோராயிரம் வந்தது.
"இன்னொரு முந்நூறு சேர்த்துக்கொள்,
என் இடுப்புக்குத் தெரியும்."
இறக்கத்தான் ஆள் வரும்,
ஏற்றச் சொல்லி வந்தவள் நீதான் என்று
மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

கடைமுனைச் சிக்னல் தாண்டும்போது 38.7.

பாலத்தின் நடுவில், 47.2இல்,
மஞ்சள் விளக்கு.
முள் அடிமட்டத்தில் மல்லாந்து கிடக்கிறது.
பொய்யை வைத்துக்கொண்டு ஆறு மாதம்
ஓர் இடத்திலும் நின்றதில்லை நான்.
ஏர்கானை அணைத்தேன்.
எதற்கும் இருக்கட்டுமென்று ரேடியோவையும்.
ஒரு மீன் லோரியின் பின்னால்
எழுபதில், மூச்சைப் பிடித்துக்கொண்டு,
கீழே கடல் எவ்வளவு அகலம் என்று
முதல்முறையாய்ப் பார்த்தபடி.

பிறையில் நாற்பது வெள்ளிக்குப் போட்டேன்.
விரல் பழக்கத்தில் குமிழுக்குப் போய்
அழுத்தாமல் திரும்பியது.

மறுநாள் பதினொரு மணி வெயிலில்
கை தானாக எழுந்து
ஒரு குட்டு வைத்தது.
பாவம், அது எல்லாவற்றையும்
சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது.