படர்க்கை

மேற்கு ஆப்பிரிக்காவில் நான் இருந்தது
மொத்தம் ஐந்து மாதம்.
மீதி இருபத்தாறு வருடமும் ஷார்ஜாதான்.
கல்லூரியில் கணக்கியல் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்,
வெள்ளிக்கிழமை என்றால் சஜா முகாம்,
இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில்
ஒலிப்பதிவுக் கருவியும் நானும்.

ஏசியைப் போட்டால் சொல்லின் ஏற்ற இறக்கம் கேட்காது.
அணைத்தால் வெந்துபோவோம்.
அணைத்தே வைப்போம்.
என் பதிவுகள் எல்லாவற்றிலும்
யாரோ அட்டையால் விசிறும் சத்தம்.

டோகோவின் கோஜோவி, கிடங்குக் காவலாளி,
எவே மொழியின் ஒரு வாக்கியத்தை
இரண்டாகப் பிளந்து காட்டினான்.
'பே யே ஜோ':
போனேன் என்றவனே போனான்.
'பே எ ஜோ':
போனது வேறெவனோ.
உங்கள் மொழியில் எப்படி, என்றான்.
தான், என்றேன்.
தான் போனதாகச் சொன்னான்.
அவன் போனதாகச் சொன்னான்.
பெண் கொடுத்த வீட்டாரைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அந்த ஓரசையை வைத்து நான்கு கட்டுரை எழுதினேன்.
பதவி உயர்வுப் படிவத்தில் ஒரு கட்டம்:
இந்த ஆய்வால் வளைகுடாவுக்கு என்ன பயன்?
காலியாக விட்டேன்.

பிறகு கிடங்கில்
செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயின.
கோஜோவி எவேயில் சொன்னதை
அறைத்தோழன் ஆங்கிலத்தில் சொல்ல,
ஆங்கிலம் அரபிக்கு ஏறி
தாளில் வந்து உட்கார்ந்தது:
'அவன் கதவைத் திறந்ததாக
மேற்பார்வையாளர் சொன்னார்.'
எவன்?
கீழே கைநாட்டு வைத்தவன் என்று
எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன்.
ஐயா, அவன் சொன்ன சொல் யே.
திறந்தவர் அந்த மேற்பார்வையாளரேதான்.
எழுத்தர் பொறுமையானவர், தேநீர்கூட வரவழைத்தார்.
அந்தச் சொல்லுக்கு அரபி என்ன?
எனக்குத் தெரிந்த அரபி
வாடகை பேசப் போதும், அவ்வளவுதான்.
ஹுவ, என்றேன். அவன்.
அதுதானே எழுதியிருக்கிறது என்று
தாளை என் பக்கம் திருப்பினார்.

கோஜோவியைச் சிறையில் போடவில்லை.
விசாவை ரத்து செய்து
ஒரு செவ்வாய் இரவு அனுப்பிவிட்டார்கள்.
இரண்டு மாதச் சம்பளம் இங்கேயே நின்றது.

லோமேயிலிருந்து ஒரு குரல் செய்தி.
பேசியது அவனில்லை, தங்கை:
'கோஜோவி பே யே வா டோ.'
வா, வந்து. டோ, சேர்.
தான் வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல்கிறான்.

எடுத்துக்காட்டு எண் போட
கை தானாகப் பேனாவைத் தேடியது.
வெட்கமாக இருந்தது.

ஏசியை அணைத்துவிட்டு
மறுபடியும் கேட்டேன்.