பன்னிரண்டு புள்ளி ஒன்று

வார்டோ மீன் ஆலையின் பின்சுவரோரம் நிற்கிறது வேன்.
சூரியன் தலைகாட்டி மூன்று நாளாயிற்று;
இனி ஜனவரியில்தான்.
ஹீட்டர் இரவு இரண்டு மணிக்கு
இருமி நின்றது.
டீசல் இருக்கிறது.
விசிறி சுற்ற மின்சாரம் இல்லை.

அந்த ஹீட்டர், வயர்கள், ஃபியூஸ் பெட்டி
எல்லாம் யூரிட் பொருத்தியவை.
வயருக்கு வயர் வெள்ளை டேப்பில் அவள் கையெழுத்து:
"விளக்கு", "தண்ணீர் பம்ப்",
"இதைத் தொடாதே சுன்னிவா".
மார்ச்சில் அவள் பேர்கனுக்குப் போனாள்.
டேப் போகவில்லை.
அன்றிலிருந்து குழாய் சொட்டினால் யூரிட்,
கதவு கிறீச்சிட்டால் யூரிட்,
நேற்றிரவு குளிருக்கும் அவள்தான்.

மீட்டரை எடுத்தேன்.
எஞ்சின் ஓட, முன் பேட்டரியில்
பதினான்கு புள்ளி இரண்டு.
ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது.
படுக்கைக்கு அடியில், பின் பேட்டரியில்
பன்னிரண்டு புள்ளி ஒன்று.
எஞ்சினை எவ்வளவு உறுமவிட்டாலும்
அதே பன்னிரண்டு புள்ளி ஒன்று,
பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத ஆள் மாதிரி.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் லெய்டுல்ஃப் எட்டிப் பார்த்தான்.
"பேட்டரி செத்துப்போச்சு. புதுசு வாங்கு."
புதுசு ஐயாயிரம் குரோனர்.
அவன் போனதும் எஞ்சினை அணைத்து மறுபடி போட்டேன்.
ரிலே டிக் என்றது. நல்ல டிக்.
அதற்கு இந்தப் பக்கம் பதினான்கு,
அந்தப் பக்கமும் பதினான்கு.
ஃபியூஸ் முழுசு.
சொன்னால் வெட்கம்,
ஒவ்வொன்றும் சரி என்று தெரியத் தெரிய
எனக்கு ஏமாற்றமாக இருந்தது.
அவள் முறுக்கிய ஓர் இணைப்பாவது
கருகியிருக்கக் கூடாதா?

மிச்சம் கறுப்பு வயர்.
யாரும் சந்தேகப்படாத வயர்.
சிவப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்து
கறுப்பு முனையை வேனின் வெறும் தகரத்தில் அழுத்தினேன்.
பூஜ்யம் வர வேண்டிய இடத்தில்
ஒன்று புள்ளி ஒன்பது.

போகும் வழியில் குறையில்லை.
திரும்பும் வழியில்தான்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
படுக்கைக்கு அடியில் தலையை நுழைத்தேன்.
வயரின் நுனியில் ஒரே ஒரு போல்ட்.
சுற்றிலும் துரு, கடலின் உப்பு.
துருவுக்குக் கீழே,
வாஷரின் வட்டத்துக்குள்
பத்திரமாக,
பழைய தபால் வேனின் சிவப்பு பெயிண்ட்.

"இரும்பு தெரியும்வரை சுரண்டு" என்றாள் அன்று.
மழை வந்துகொண்டிருந்தது.
"சுரண்டியாச்சு" என்றேன்.

அந்த போல்ட் நான் போட்டது.
நாலு வருஷம் பிடித்து நின்றிருக்கிறது,
மரையில் விழுந்த ஏதோ ஒரு கீறலின் தயவில்.

எஞ்சினை அணைத்தேன். நெகட்டிவைக் கழற்றினேன்.
உப்புத் தின்ற இடத்தை
உப்புத்தாளால் தேய்த்தேன்,
பெயிண்ட் போய், துரு போய்,
என் விரல் நுனியிலும் கொஞ்சம் போய்,
தகரம் பல்லைக் காட்டும்வரை.
இறுக்கினேன். மேலே கிரீஸ் பூசினேன்.

பதிமூன்று.
பதிமூன்று புள்ளி நான்கு.
கொஞ்சம் யோசித்து, பதிமூன்று புள்ளி எட்டு.
ஹீட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டது.

மீட்டரைப் படமெடுத்து அனுப்பினேன்.
வார்த்தை எதுவும் சேர்க்கவில்லை.
வேலையில் இருப்பாள், மாலையில் பார்ப்பாள்,
பார்க்காமலும் இருப்பாள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"பெயிண்ட்?"

"பெயிண்ட்."