முன் பெட்டி, இடது பக்கம்

வெள்ளி மாலை ப்ர்னோவில் ரயில் ஏறியபோதே
எனக்கு வேலை வந்துவிட்டது.
"ஜன்னலைச் சாத்தச் சொல் அவளிடம்" என்றாள் ராத்மிலா.
அவள் என்பது இவோனா,
ராத்மிலாவின் முழங்கையை ஒட்டி உட்கார்ந்திருந்தவள்.

ஏப்ரலில் இருந்து இப்படித்தான்.
காரணம் ஒரு பழைய ஃப்ரிட்ஜ்:
இவள் விற்றாள், அவள் வாங்கினாள்,
ஒன்பதாம் நாள் அது ஒரு முக்கு முக்கிவிட்டு
நின்றுபோனது.
அதற்குள் இருந்த வாத்துக்கறியைப் பற்றி
இன்றுவரை இரண்டு கணக்குகள் உண்டு.

ஹெட்விகாவுக்கு ஒரு காது
ட்ராம் பணிமனையிலேயே போய்விட்டது.
சண்டை எந்தப் பக்கமோ
அந்தப் பக்கம் அந்தக் காதைக் கொடுத்துவிட்டு
புடாபெஸ்ட் வரும்வரை தூங்கினாள்.

சனிக்கிழமைக்கு ராத்மிலாவிடம் ஒரு பட்டியல்.
பதினோரு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கு.
நாடாளுமன்றத்தில் சீட்டு தீர்ந்திருந்தது.
கோட்டைக் குன்றில் யாருடையதோ கல்யாணம்,
மணப்பெண் ஒரு கையில் செருப்பும்
மறு கையில் சிகரெட்டுமாய்
எங்களுக்கு வழிவிட்டாள்.
லாங்கோஷ் வாங்கித் தின்றோம்,
பூண்டும் எண்ணெயும் பட்டியலில் வழிந்து
நாலாவது இடமும் ஏழாவது இடமும்
ஒன்றாகிவிட்டன.

பிறகு இரண்டாம் எண் ட்ராம்,
ஆற்றை ஒட்டி ஓடும் மஞ்சள் வண்டி.
டான்யூப் தெரிந்ததும்
வண்டியில் இருந்த எல்லாரும்
அந்தப் பக்கம் சாய்ந்து கைபேசியைத் தூக்கினார்கள்.
நாங்கள் நாலு பேர் மட்டும்
தரையைப் பார்த்தோம்.
டொக். டொக். டொக்.
இருபத்தாறு வருஷம் சக்கரம் கழற்றியவர்களுக்கு
ஆறு எங்கே தெரியும்?

"தட்டையாகிவிட்டது" என்றாள் ராத்மிலா,
யாரிடமும் இல்லை.
"முன் பெட்டி, இடது பக்கம்" என்றாள் இவோனா.
"பிரேக்கைப் போட்டு இழுத்திருக்கிறான்."
"மழையில்."
"மழையில்தான்."

அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது.
ஒருத்தி ஆற்றைப் பார்க்கத் தொடங்கினாள்,
மற்றவள் பையில் எதையோ தேடினாள்,
அடுத்த மூன்று நிறுத்தம் வரை
கிடைக்கவில்லை.

சங்கிலிப் பாலத்தின் சிங்கங்களுக்கு
நாக்கு வைக்கச் சிற்பி மறந்துவிட்டான் என்று
வழிகாட்டி ஒருவன் தன் கூட்டத்துக்குச் சொன்னான்.
எல்லாரும் சிரித்தார்கள்.
ஹெட்விகா நின்று அண்ணாந்து பார்த்தாள்,
கழுத்து வலிக்கும்வரை பார்த்தாள்.
"இருக்கிறது. கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது,
அவ்வளவுதான்" என்றாள்.
உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.
காது கேட்கவில்லை அவளுக்கு.

ஞாயிறு காலை வெந்நீர்க் குளம்.
குளிர் காற்றில் ஆவி எழும்ப
மார்பளவு நீரில் சதுரங்கம் ஆடினார்கள் கிழவர்கள்.
ஒருவர் தன் குதிரையைக் காட்டி
ஹெட்விகாவிடம் ஹங்கேரியனில் நீளமாய் ஏதோ கேட்டார்.
"ஆமாம், ஆமாம்" என்றாள் செக்கில்.
அவர் குதிரையை நகர்த்தினார்.
தோற்றார்.
அதற்கும் ஆமாம் என்றாள்.

ராத்மிலா குளத்தின் அந்தக் கோடி.
இவோனா இந்தக் கோடி.
நடுவில் நான், வெந்த உருளைக்கிழங்கு மாதிரி,
தூது எதுவும் வராமல்
முதன்முறையாகச் சும்மா கிடந்தேன்.

திரும்பும் ரயிலில் இருட்டிவிட்டது.
யார் காலையோ யார் பையோ மிதித்தது,
கசகசா ரொட்டி கைமாறியது,
யாரிடமிருந்து யாருக்கு என்று நான் கவனிக்கவில்லை.

எல்லை தாண்டிக் கொஞ்ச நேரம் கழித்து
இவோனா என்னிடம் சொன்னாள்:
"அந்தச் சக்கரத்தோடு
இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பானா, கேள் அவளை."
ராத்மிலா என்னிடம் சொன்னாள்:
"நாளைக்குக் கழற்றிவிடுவார்கள் என்று சொல்.
ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள் வேலைக்கு."

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.
ஜன்னல் திறந்திருந்தது.
குளிர்ந்தது.
சாத்தச் சொல்லி
யாரும் கேட்கவில்லை.