எழுத்துக்குப் பதினெட்டு டாலர்

சட்பரியில் பெப்ரவரி.
கடைக் கண்ணாடியின் உள்பக்கமே உறைந்து கிடந்தது.
சுவரோரம் கருங்கல் பலகைகள்
இன்னும் யாருடையதும் ஆகாமல்.

அக்காவும் தம்பியும் வந்தார்கள், ஸ்தென்கா, த்ராகோ.
நிக்கல் சுரங்கத்தில் முப்பத்தொரு வருஷம்
இறங்கி ஏறிய தகப்பனுக்கு ஒரு கல்.
எழுத்துக்குப் பதினெட்டு டாலர், என்றேன்.
புள்ளிக்கும் கோட்டுக்கும் காசில்லை.

தொலைபேசியில் சொன்னபடி
'ஹொர்வாட்' என்று ரப்பர் தாளில் வெட்டி வைத்திருந்தேன்.
அக்கா விரலை ஊன்றினாள்:
"இந்த ஓ வேண்டாம்.
ஹங்கேரிக்காரர் வாயில் நுழையாமல் நடுவில் செருகியது.
நாங்கள் ஹ்ர்வாட்."
தொண்டைக்குள் சரளைக்கல் உருண்டது.

நானும் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை.
ஸ்கூலை இஸ்கூல் ஆக்கிய வாய் என்னுடையது.
உயிர் ஏறாத மெய் இரண்டு
முன்னும் பின்னுமாய் வந்து நின்றால்
எங்கள் இலக்கணம் படலையைத் திறக்காது.

"அந்தச் சொல்லுக்கு அர்த்தமே ஒருத்தருக்கும் தெரியாது"
என்று தம்பி கைபேசியைத் தேய்த்தான்.
பழைய ஈரானியச் சொல், மாடு காப்பவன் என்கிறார் ஒருவர்.
மாட்டை விடு, வெறும் காவலன் என்கிறார் மற்றவர்.
நிறைய நிலம் உடையவர்கள் என்று
எழுதி வைத்தானாம் பைசாந்திய அரசன் ஒருவன்.
"நிறைய நிலம்!" ஸ்தென்காவுக்குச் சிரிப்பு.
"அப்பாவுக்கு இருந்தது ஒரு தக்காளிப் பாத்தி.
அதிலும் பாதி உறைபனிக்கு."

டொன் ஆற்றின் முகத்துவாரத்தில்
ஒரு கல் கிடைத்ததாம். கிரேக்க எழுத்து,
ஆயிரத்து எண்ணூறு வருஷப் பழசு.
பெயர் வரிசையில் ஒருவன்: ஹொரோவாதோஸ்.
அவன்தான் இந்தச் சொல்லின் முதல் தடமா,
வழியோடு போன யாரோ ஒருவனா, இன்னும் வழக்கு.
எனக்கு அதை வெட்டியவனின் நினைவுதான் வந்தது.
எழுத்துக்கு என்ன வாங்கினானோ.
தன் காதில் விழுந்தபடி வெட்டியிருப்பான்.
விழாததற்கு ஓர் உயிரைப் போட்டு நிரப்பியிருப்பான்.

பீங்கானில் பதிக்கப் படம் தந்தார்கள்.
கல்யாணப் படம். அகலமான டை, இரவல்.
"இதுவும் எங்கள் பெயர்தான்" என்றான் த்ராகோ.
அவர்கள் சிப்பாய்களின் கழுத்துத் துணியைப் பார்த்து
பிரெஞ்சுக்காரர் க்ரவாத் என்றார்களாம்.
"எங்களை முடிச்சுப் போட்டுக்கொண்டுதான்
உலகம் வேலைக்குப் போகிறது.
அப்பா ஒரே ஒருநாள் கட்டினார்."

உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம், என்றாள் அக்கா.
இனிமை என்போம், என்றேன்.
தெரியாது என்பதுதான் மெய்.
தமிழின் கடைசி எழுத்தைச் சொல்லிக் காட்டினேன்.
இருவரும் நாக்கை மடித்து மடித்துத் தோற்றார்கள்.
கணக்கு நேர்.

"கடவுச்சீட்டில் யூகோஸ்லாவியர்.
சுரங்கத்தில் ஹாரி. வீட்டுப் பத்திரத்தில் ஓ.
மாற்றி வெட்டினால் இங்கே எவன் வாசிப்பான்?"
"தடுக்கட்டும். தடுக்கினால் ஒரு நொடி நிற்பான்."
அதற்குப் பிறகு அவர்கள் மொழியில் கதைத்தார்கள்,
எனக்குப் பிடிபட்டது அப்பா என்ற சொல் மட்டும்.

பனி வாரும் வண்டி தெருவைச் சுரண்டிப் போனது.
த்ராகோ விரல்விட்டு எண்ணினான்.
"ஒரு எழுத்துக் குறைகிறது.
பதினெட்டு டாலர் மிச்சம்."
உயிரோடு இருந்திருந்தால் அதற்காகவே
தகப்பன் தலையாட்டியிருப்பார் என்று
அக்கா மேசையைத் தட்டிச் சிரித்தாள்.
அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு
கையெழுத்துப் போட்டான். அதில் ஓ இருந்தது.

அன்றிரவே புதுத் தாள் ஒட்டி மணல் பீய்ச்சினேன்.
கல்லுக்கு எந்த மறுப்பும் இல்லை,
மெய்யும் மெய்யும் ஒட்டி நின்றன.
பழைய தாளைச் சுருட்டி எறிந்துவிட்டுக்
கடைசிப் பேருந்தைப் பிடித்தேன்.
மைனஸ் இருபத்தாறு.
உட்கார்ந்த பிறகுதான் கண்டேன்,
என் கோட்டுக் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது
உரித்த ஓ, போத்தல் மூடியளவு ரப்பர் வளையம்.
உதறினேன். விழவில்லை.